பழநியா, பளனியா?

படித்த காலத்தில் எங்களோடு பழநிமலை அடிவாரத்து நண்பன் ஒருவன் இருந்தான். முதல் நாள் வகுப்பில், "எனக்குப் பளனி பக்கம் சார்" என்றான். ஆசிரியர் ஒருவர் அதையே அவன் மாதிரி திருப்பிச் சொன்னார். வகுப்பே சிரித்தது, நானும்தான் சிரித்தேன். அந்த வருஷம் முழுக்க அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அவன் செய்த குற்றம் என்ன? ழகரத்துக்கு நாக்கு நுனி மேலண்ணத்தை வருடினால் போதும். கொஞ்சம் அழுந்தினால் ளகரம். இரண்டுக்கும் நூலிழைதான் இடைவெளி. தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழ, ள ஆகிவிடும். மலைவாழைப்பழம் அங்கே 'மலவாளப்பளம்'. பழைய சென்னைப் பேச்சிலோ 'வாயப்பயம்'! வெள்ளைக்காரர்கள் 'புல்னி' என்றார்கள். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன் 1915-இல் வெளியிட்ட தாவரநூலின் தலைப்பிலேயே 'புல்னி'தான். அவரைப் பார்த்து யாரும் சிரித்ததாகக் கேள்விப்படவில்லை.

மலைமேல் ஏறினால் இன்னொரு வழக்கு: கொடைக்கானலா, கோடைக்கானலா? புறநானூற்றில் வரும் கடிய நெடுவேட்டுவனின் கோடைமலை இதுவே என்பார் ஒரு சாரார். ஏட்டுச்சுவடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்றால் அதுவும் நடக்காது. குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளி வைக்கத் தொல்காப்பியம் சொல்லியும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் வைக்கவில்லை. ஆகவே ஏட்டில் 'கொடை'யும் 'கோடை'யும் ஒன்றே! 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர்தான் நெடிலின் கொம்புக்கு மேலே சுழி போட்டுப் பிரித்துக் காட்டினார். பிறகு வந்த ஆங்கில எழுத்திலோ மறுபடியும் குறில் நெடில் வேறுபாடு இல்லை. இன்று அரசுப் பலகையில் 'கொடைக்கானல்'. பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர் வாயில் 'கொடக்கானல்'. அதுவும் பிழையல்ல, சொல்லின் நடுவில் ஐகாரம் குறுகும் என்பதை நன்னூலே ஒப்புக்கொண்டு, ஐகாரக்குறுக்கம் என்று பெயரும் வைத்திருக்கிறது.

ஆனால் எழுத்தில் கவனம் வேண்டும். அம்மலையின் பழங்குடிகள் பளியர். 'ள' வந்தாலே கொச்சை என்று நினைத்து, ஒருமுறை நானே 'பழியர்' என்று திருத்தி எழுதிவிட்டேன். ஒரு ழகரத்தால் ஒரு குடிக்கே பழி! அன்று வகுப்பில் சிரித்ததற்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ழகரத்தைப் பழகுங்கள், மேடையில் அழகாக ஒலியுங்கள். ஆனால் பக்கத்து பெஞ்சில் ஒருவன் 'பளனி' என்றால் சிரிக்காதீர்கள். எந்த ஊர் என்று விசாரியுங்கள். அவன் நாக்கில் இருப்பது பிழையல்ல, அவன் ஊர்.

அந்த நண்பன் இந்த மலரைப் படித்தால், ஒன்றுகூடலுக்கு அவசியம் வரவேண்டும். வந்து, வாய் நிறைய 'பளனி' என்று சொல்லவேண்டும்.