மணிக்கிராமம்: ஒரு சொல்லின் எழுச்சியும் வீழ்ச்சியும்

தனுவச்சபுரத்துக்கு மேற்கே கடற்கரையில் உள்ளது விழிஞம். ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்த அவ்வூரைப் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் வென்றதைச் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. முதலாம் இராசராசனின் தானைத் தலைவன் கைப்பற்றியதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. பேரரசுகளின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே, துறைகளை வென்றவர் தோற்றவர் கணக்காகவே எழுதப்படுகிறது. ஆனால் இதே கடற்கரையில் முடியும் கொடிவழியும் இல்லாத வேறோர் ஆற்றலும் எழுந்து வீழ்ந்தது. அது வணிகக் குழுக்களின் ஆற்றல். அதன் வீழ்ச்சியை எந்தப் போர்க்களத்திலும் காண இயலாது. ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தில் காணலாம்.

'வணிக்கிராமம்' என்னும் வடசொல்லின் திரிபாக 'மணிக்கிராமம்' கருதப்படுகிறது. அவை என்று பொருள்படும் பாரசீக 'அஞ்சுமன்' என்பதே 'அஞ்சுவண்ணம்' ஆயிற்று என்பர். இரண்டும் ஆளைக் குறித்த சொற்கள் அல்ல, கூட்டத்தைக் குறித்தவை.

கி.பி. 849இல் வேணாட்டு ஐயனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில் இவ்விரு குழுக்களும் நகரின் காராண்மையராகத் தோன்றுகின்றன. வட்டெழுத்தில் அமைந்த அவ்வேட்டின் இறுதியில் கூஃபி அரபியிலும், பகலவியிலும், எபிரேய எழுத்திலமைந்த பாரசீகத்திலும் சாட்சிகள் கையொப்பமிட்டுள்ளனர். அதைவிடக் கருதத்தக்கது ஒரு விதி: தமக்கு அநியாயம் நேர்ந்தால் உல்கையும் துலாக்கூலியையும் தடுத்து நிறுத்தி அதனைத் தீர்த்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. உல்கு என்பது சுங்கம். துலாக்கூலி என்பது நிறைகூலி. வரி தர மறுக்கும் உரிமையை ஆள்வோரே எழுதிக்கொடுத்தனர் என்றால், கப்பல்களைத் துறைக்கு வரவழைக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது என்பது விளங்கும்.

அரச எல்லைகள் இக்குழுக்களைக் கட்டுப்படுத்தவில்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் காவலில் வைக்கிறது. சுமத்திராவின் பாரூசுப் பகுதியில் 1088இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, வரும் கப்பல்கள் பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தை ஐந்நூற்றுவர் விதித்ததைக் கூறுகிறது.

இனி வீரராகவ சக்கரவர்த்தியின் செப்பேட்டுக்கு வருவோம். அதன் காலத்தை 13ஆம் நூற்றாண்டு என்பாரும் 14ஆம் நூற்றாண்டு என்பாரும் உளர். மகோதையர் பட்டினத்து இரவிகொற்றன் என்னும் வணிகனுக்கு அது 'மணிக்கிராமம்' என்பதைப் பட்டமாக அளிக்கிறது. பகல்விளக்கு, பாவாடை, கொற்றக்குடை முதலிய சிறப்புகளோடு 'தனிச்செட்டு' எனும் தனிவணிக உரிமையும் அவனுக்கே உரியதாகிறது. கொல்லத்தில் பலர் கூடிய அவையாக இருந்த மணிக்கிராமம், இங்கு ஒருவன் பெயரோடு சேரும் விருதாகச் சுருங்கிவிட்டது. கூட்டத்தின் உரிமை தனியாளின் பெருமையாயிற்று.

இம்மாற்றத்துக்கான காரணத்தை அரசியலில் தேடலாம். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகோதையபுரத்துச் சேரராட்சி முடிவுக்கு வந்தது. துறைகள் பல சிற்றரசுகளிடையே பிரிந்தன. பல நாடுகளில் கிளைத்து எவருக்கும் முழுதும் அடங்காத குழுவைவிட, தன் வாயிலில் நின்று பட்டம் பெறும் ஒரு பெருவணிகனே சிற்றரசனுக்கு உகந்தவன் எனக் கொள்ள இடமுண்டு. 14ஆம் நூற்றாண்டில் கொல்லத்துக்கு வந்த இப்னு பதூதாவும், ஒரு கப்பலை அதன் சரக்கோடு தனியொருவராகவே வாங்கவல்ல வணிகர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்.

வீழ்ச்சி எங்கும் ஒரே சீராக நிகழவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவகங்கைச் சீமையின் பிரான்மலையில் பல குழுக்கள் கூடிச் சரக்குகளின் மீது கோயிலுக்காக மகமை விதித்தன. அதே நூற்றாண்டில் மலைமண்டலத்து வணிகர் ஒருவர் பர்மாவின் பாகானில் நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபம் எடுத்தார். எனவே வணிகம் அழிந்தது என்று சொல்வது பிழை. சேரநாட்டுத் துறைகளில் தேய்ந்தது வணிகம் அன்று. அரசனிடம் 'தரமாட்டோம்' என்று ஒருங்கே சொல்லவல்ல அவை.

அரசு வீழ்ந்தால் மெய்க்கீர்த்தி நின்றுவிடுகிறது. அதைக் கண்டறிதல் எளிது. நிறுவனம் வீழும்போதோ அதன் பெயர் வாழ்ந்துகொண்டே இருக்கக்கூடும். ஆகவே ஒரு சொல் தொடர்ந்து வழங்குவதை மட்டும் சான்றாகக்கொண்டு ஓர் அமைப்பின் தொடர்ச்சியை முடிவுசெய்தல் தகாது. அச்சொல் வாக்கியத்தில் வினை செய்யும் எழுவாயாக நிற்கிறதா, வழங்கப்படும் பொருளாக நிற்கிறதா என்பதையும் கேட்டாக வேண்டும். 849இல் மணிக்கிராமம் எழுவாய். வீரராகவன் ஏட்டில் அது செயப்படுபொருள்.