தலை இடிக்குதா பிள்ளை?

மானிப்பாய் என்றதும் எங்களில் பலருக்கு முதலில் ஞாபகம் வாறது கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைதான். அந்தப் பெயருக்குரியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தவர். அடுத்த வருடமே மானிப்பாயில் இருந்து வேலையைத் தொடங்கினார். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர் என்று அவரைப் பற்றி நிறையக் கதைக்கிறோம். அவர் தமிழாக்கிய நூல்களில் ஒன்றைப் பற்றி மட்டும் குறைவாகவே கதைக்கிறோம். 1857இல் வந்த 'பிரசவ வைத்தியம்' அது. டப்ளின் மருத்துவர் மோன்செலின் நூலைத் தழுவியது.

அந்தக் காலத்தில் கர்ப்பகால வலிப்பு ஏன் வருகிறது என்று உலகில் யாருக்கும் தெரியாது. வலிப்பு வந்த கர்ப்பிணிகளின் சிறுநீரில் புரதம் போவதை லண்டனில் ஜோன் லீவர் கண்டது 1843இல். கையில் பட்டி சுற்றிப் பிறஷர் பார்க்கும் கருவி வந்தது 1896இல். அதுவரை ஐரோப்பிய மருத்துவர்கள் பெரிதும் நம்பியது இரத்தம் குத்தி எடுப்பதை. எங்கட ஊரில் பேய்க்குப் பார்த்தவையும் இருந்திருப்பினம். ஆனால் அவையைப் பார்த்துச் சிரிக்கிற நிலையில் அன்றைய ஐரோப்பா இருக்கவில்லை.

இன்னொரு தடையும் இருந்தது. கிறீனின் மாணவர்கள் ஆண்கள். பிரசவமோ மருத்துவிச்சியின் கையில், வீட்டுக்குள் நடந்தது. ஆண் மருத்துவரிடம் தங்களைக் காட்டப் பெண்கள் விரும்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை வந்ததற்கு இது முக்கிய காரணம். லீச் சகோதரிகள் அதற்காகக் கடல் கடந்து காசு சேர்த்தார்கள்.

இன்று அந்த வலிப்புக்கு முந்திய நிலையைப் பிறீஎக்லம்ப்சியா என்கிறோம். பிறஷர் 160/110ஐத் தொட்டால் அது கடுமையான நிலை. வலிப்பைத் தடுக்கும் மருந்து விலை மலிந்த மக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வு, அது வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று 2002இல் காட்டியது.

ஆனால் மருந்தை ஏற்றிவிட்டுப் போக முடியாது. கூடினால் அதுவே மூச்சை நிறுத்தும். அதனால் தாதி பக்கத்திலேயே நிற்க வேணும். முழங்காலில் தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்ப்பார். மூச்சை எண்ணுவார். மணிக்கு 30 மில்லிலீற்றராவது சிறுநீர் போகிறதா என்று அளப்பார், ஏனென்றால் மருந்து வெளியேறுவது அந்த வழியால்தான். மாற்று மருந்தான கல்சியம் குளுக்கோனேற் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பிள்ளை பிறந்த பிறகும் 24 மணித்தியாலம் இந்தக் காவல் தொடரும்.

இதில் எந்தக் கருவியும் காட்டாத சில விஷயங்கள் இருக்கு. தலை இடிக்குதா? கண்ணுக்குள்ள மின்னுதா, மங்குதா? நெஞ்சுக்குழிக்குக் கீழ, வலது பக்கம் நோகுதா? வலிப்பு வரப் போகிறது என்பதற்கான இந்த அறிகுறிகளை அந்தத் தாய் தன் வாயால் சொன்னால்தான் தெரியும். அவளுக்கு விளங்குகிற மொழியில் யாராவது கேட்டால்தான் அவள் சொல்லுவாள்.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியே போய்விடுகிறார்கள், தமிழில் படித்தால் ஊரோடு நிற்பார்கள் என்பது கிறீன் தமிழுக்கு மாறியதற்கு ஒரு காரணம். 1864இல் இருந்து வகுப்புகள் தமிழில் நடந்தன. கட்டிலோரத்தில் நின்று பார்த்தால் எங்களுக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. இந்த நோயில் தமிழும் ஒரு சிகிச்சைக் கருவி. இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் மரணம் இன்று சில பத்துகளுக்குள் இறங்கியிருக்கிறது என்றால், வீடு வீடாகப் போய்க் கேட்ட மருத்துவமாதுகளுக்கும் இரவிரவாக விழித்த தாதிகளுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. கிறீனின் பெயர் ஒரு வைத்தியசாலையில் நிற்கிறது. அவர்களின் பெயரை நாங்கள் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

உங்கட வீட்டிலும் ஒரு அக்கா கர்ப்பமாக இருக்கலாம். அந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கோ. பிள்ளை பிறந்து ஆறு கிழமை வரையும் கேளுங்கோ. ஒன்றுக்கு "ஓம்" என்றாலும் விடியட்டும் என்று இருக்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.