கனிப்பொருள் அளவையாளர் குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி என்றதும் தமிழ் வாசகர் நினைவிற் கொள்வது நடராச வடிவத்தின் தத்துவத்தை மேனாட்டார்க்கு விளக்கிய கலை அறிஞரையே. அவர் பல்கலைக்கழகத்திற் பயின்ற துறை புவிச்சரிதவியல் என்பதைப் பலர் ஒரு வாக்கியத்திற் குறித்துவிட்டு மேற்செல்வர். ஆயின் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கியிருப்பது சிறிதன்று.

1877இற் கொழும்பிற் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையார் சேர் முத்து குமாரசுவாமியை இழந்து, ஆங்கிலேயத் தாயாரின் பராமரிப்பில் இங்கிலாந்தில் வளர்ந்தவர் அவர். 1900இல் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலே புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். அதே ஆண்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் ஆராய்ந்த அவரது கட்டுரை இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் காலாண்டேட்டில் வெளிவந்தது. பட்டம் பெற்ற கையோடு பிறந்த மண்ணின் பாறைகளையே பொருளாகக் கொண்டமை கவனிக்கத்தக்கது.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் பணிப்பாளராக அவர் கடமையாற்றினார். புதிய கனிப்பொருளொன்றைப் பிரையர் என்பாருடன் சேர்ந்து 1903இல் விவரித்தபோது, இத்தீவின் பழம்பெயரான செரந்தீப் என்பதை அடியாகக் கொண்டு அதற்குச் 'செரந்திபைற்று' எனப் பெயரிட்டனர்.

இதனினும் புகழ்பெற்றது தோரியனைற்று. சப்பிரகமுவ மாகாணத்திலே மாணிக்கம் அரிப்போர் சரளையைக் கழுவும்போது, பாரம் மிகுந்த கரிய சிறு கனசதுரங்கள் அடியில் தங்கின. முதலில் யுரேனியக் கனிப்பொருளெனவே அவை கருதப்பட்டன. 1904இல் இலண்டன் இம்பீரியல் இன்ஸ்ரிரியூற்றில் டன்ஸ்ரன் நடத்திய பகுப்பாய்வே, அவற்றின் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு எனக் காட்டியது. கண்டெடுத்த இடம் இலங்கை. பகுத்துப் பெயர் சூட்டிய இடம் இலண்டன். குடியேற்ற நாட்டு விஞ்ஞானத்தின் இயல்பு இதுவே. எனினும் குமாரசுவாமியை வெறுமனே மாதிரி திரட்டி அனுப்பியவராகக் கொள்வது தவறு. பாறைகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அவற்றின் இயைபையும் தோற்றத்தையும் விளக்கிய கட்டுரைகள் அவருடையனவே. இலண்டன் பல்கலைக்கழகம் 1906இல் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது.

இக்கதைக்கு ஒரு கிளையும் உண்டு. குமாரசுவாமி பயின்ற அதே கல்லூரியிலே, இராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு 1904இல் ஒட்டோ ஹான் என்னும் ஜேர்மானிய இளைஞர் வந்தார். ஆங்கிலம் பழகுவதே அவரது முதல் நோக்கம். இலங்கைத் தோரியனைற்றிலிருந்து பெற்ற பொருளிலே இரேடியத்தைப் பிரிக்குமாறு இராம்சே பணித்தார். அவ்வாறு பிரிக்கையில், இரேடியோதோரியம் எனப் பின்னர் பெயர் பெற்ற புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளை 1905இல் ஹான் கண்டார். சேதன இரசாயனத்திற் பயின்ற அவரது வாழ்வு அத்துடன் திசை மாறியது. 1938இல் யுரேனியக் கருப்பிளவுக்குச் சான்று தந்த இருவருள் ஒருவர் அவரே.

குமாரசுவாமியின் வாழ்வு திசைமாறியதும் இக்காலத்திலேதான். பாறைகளைத் தேடிக் கிராமங்கள் தோறும் சென்றவர், அங்கே நலிந்துகொண்டிருந்த கைவினைஞரையும் கண்டார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் 1905இல் தோன்றியது. விஞ்ஞானத்தை அவர் உதறினார் என்போர் உளர், அது பொருந்துமாறில்லை. கண்டி நாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலில், பொருள், கருவி, செய்முறை, வழங்கும் பெயர் என யாவும் ஓர் அளவையாளரின் ஒழுங்கிலேயே பதிவு செய்யப்பட்டுள்ளன.