விரல்நுனி இரத்தமும் மருந்தகச் சோதனையும்: அரிசோனா நிகழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் வால்கிரீன்ஸ் மருந்தக நிறுவனமும் இரத்தப் பரிசோதனை நிறுவனமான தெரனோஸும் இணைந்து, மருந்துக் கடைகளுக்குள்ளேயே இரத்தப் பரிசோதனை மையங்களைத் திறப்பதாக அறிவித்தன. முதல் மையம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அமைந்தது. அடுத்து அரிசோனா மாநிலத்தில் ஏறத்தாழ 40 மையங்கள் வந்தன. முழங்கையில் ஊசி ஏற்ற வேண்டியதில்லை, விரல்நுனியில் எடுக்கும் சில துளிகளே போதும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. 2016 ஜூனில் வால்கிரீன்ஸ் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2022 ஜனவரியில் தெரனோஸ் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ், முதலீட்டாளர்களை ஏமாற்றியது தொடர்பான நான்கு குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நோயாளிகளை ஏமாற்றியதாகத் தொடரப்பட்ட குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

ஆக, பணம் போட்டவர்களின் வழக்கு முடிந்துவிட்டது. விரலை நீட்டியவர்களுக்கு நேர்ந்ததைப் பற்றிய கேள்வி முடியவில்லை. இந்நிகழ்வைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும், துளிகளைச் சோதிப்பதாகச் சொல்லப்பட்ட பொய்யான கருவியின் கதையாகவே அதைக் கண்டனர். கருவி சொன்னபடியே இயங்கியிருந்தாலும் அரிசோனா முறை மக்களுக்கு நன்மை செய்திருக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். குறை கருவியில் மட்டுமன்று, காரணம் கேளாமல் சோதனையை விற்கும் ஏற்பாட்டிலும் இருந்தது.

துளியின் இயல்பு

விரல்நுனிச் சோதனையை முற்றாக ஒதுக்குவது அறிவியலாகாது. சர்க்கரை, கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆகியவற்றுக்கான விரல்நுனிக் கருவிகள் நெடுநாளாகப் பயனில் உள்ளன. அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டின் ஆய்வகச் சட்டம், எளிய சோதனைகளைத் தனியே வகைப்படுத்தி, உரிய சான்று பெற்ற மருந்தகங்களும் அவற்றைச் செய்ய இடமளிக்கிறது.

எனினும் அத்துளிக்கு எல்லைகள் உண்டு. நடுவிரலின் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். முதல் துளியில் திசுநீர் கலந்திருப்பதால் அதைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்க வேண்டும். துளி வரவில்லையென்று விரலைப் பிதுக்கினால் சிவப்பணுக்கள் உடைந்து அவற்றுள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறும்; உடலில் இல்லாத மிகை அறிக்கையில் தோன்றும். பழம் உரித்த கையைக் கழுவாமல் நீட்டினால் தோலில் ஒட்டிய இனிப்பே சர்க்கரை அளவை உயர்த்திக் காட்டிவிடும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் மெகன் பாண்டும் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டமும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே விரலின் அடுத்தடுத்த துளிகளுக்கிடையே அணுக்களின் அளவுகள் வேறுபட்டன. சிரை இரத்தம் தரும் சீரான முடிவை எட்ட 6 முதல் 9 துளிகளின் சராசரி தேவைப்பட்டது.

முறையாக எடுத்த துளியின் அளவீட்டுக்கும் ஓர் இடைவெளி உண்டு. குளுக்கோமீட்டருக்கான 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தரநிலை, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமான அளவுகளில், 95 விழுக்காட்டு முடிவுகள் ஆய்வக மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும் என்கிறது. வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவை உறுதிசெய்யும் எல்லை. உண்மை அளவு 126ஆக உள்ளவருக்குக் கருவி 108 என்று காட்டினாலும் 144 என்று காட்டினாலும் அது தரநிலையை மீறியதாகாது. எனவே கடையில் கிடைக்கும் எண் மேற்சோதனைக்கான தூண்டுதல் மட்டுமே. அது நோயறிதல் ஆகாது.

அரிசோனாவில் நடந்தது

240க்கும் மேற்பட்ட சோதனைகளை தெரனோஸ் விற்றது. அதன் எடிசன் கருவி அவற்றுள் மிகச் சிலவற்றையே செய்தது. சிறிய அளவு இரத்தத்தை நீர்க்கச் செய்து பிற நிறுவனக் கருவிகளில் ஓட்டியதையும், பல வாடிக்கையாளர்களிடம் வழக்கம்போல் சிரை இரத்தமே எடுக்கப்பட்டதையும் 2015 அக்டோபர் முதல் செய்தியாளர் ஜான் கேரிரூ வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வெளிக்கொணர்ந்தார். 2016 ஜனவரியில் கூட்டாட்சி அரசின் ஆய்வாளர்கள், கலிபோர்னியாவின் நியூவர்க்கில் உள்ள தெரனோஸ் ஆய்வகத்தின் குறைபாடுகள் நோயாளிகளின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் உடனடி ஆபத்து என அறிவித்தனர். அவ்வாண்டு மே மாதத்துக்குள் 2014, 2015ஆம் ஆண்டுகளின் எடிசன் முடிவுகள் அனைத்தையும் நிறுவனமே செல்லாதவையாக்கியது. அந்த எண்களை நம்பி மருந்தை மாற்றிக்கொண்டவர்களும், நலமாக இருப்பதாக எண்ணிச் சும்மா இருந்தவர்களும் இருந்திருப்பர்.

இதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது சட்டம். 2015 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அரிசோனாச் சட்டம், மருத்துவர் சீட்டு இல்லாமலே எவரும் எந்த ஆய்வகச் சோதனையையும் கேட்டுப் பெறலாம் என்றது. அச்சட்டம் நிறைவேற தெரனோஸ் முன்னின்று உழைத்தது. முடிவை மருத்துவரிடம் காட்டி விளக்கம் பெறுவது சோதனை செய்துகொண்டவரின் பொறுப்பு என அறிக்கையில் தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும் என்றும், தாம் கேட்காத சோதனையின் முடிவைப் பார்க்கவோ அதன்மீது நடவடிக்கை எடுக்கவோ மருத்துவருக்குக் கடமையில்லை என்றும் அச்சட்டம் வகுத்தது. விற்றவருக்கும் மருத்துவருக்கும் பொறுப்பில்லை. முழுச் சுமையும் எண்ணைப் படிக்கத் தெரியாதவர் தலையில் விழுந்தது. கருவி நேர்மையானதாக இருந்திருந்தாலும் இந்தச் சட்டம் இப்படியேதான் இருந்திருக்கும்.

காரணமற்ற சோதனையின் கணக்கு

நலமான மக்களில் 95 விழுக்காட்டினர் அடங்கும் வீச்சையே ஆய்வகங்கள் பொதுவாக இயல்பளவு என்கின்றன. அதன்படி நலமானவர் ஒருவருக்கு ஒரு சோதனையில் பிறழ்வு தோன்றும் வாய்ப்பு 5 விழுக்காடு. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை அவர் செய்துகொண்டால் எல்லாமே இயல்பாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடுதான். மீதி 64 விழுக்காட்டினர் நோயில்லாமலே ஏதோ ஒரு கவலையோடு வீடு திரும்புவர். இதற்குக் கருவியில் பிழை தேவையே இல்லை.

நோயைக் கண்டுபிடிப்பதிலும் நோயின்மையை உறுதிசெய்வதிலும் 95 விழுக்காடு திறமுள்ள ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். நூற்றில் ஒருவருக்கே நோயுள்ள 10,000 பேரிடம் அதைச் செய்தால் நோயுற்ற 95 பேரும் நோயற்ற 495 பேரும் நோயாளிகள் எனக் காட்டப்படுவர். ஆறில் ஒரு முடிவே மெய். நூற்றில் 30 பேருக்கு நோயுள்ள குழுவில் அதே சோதனை 2,850 மெய் முடிவுகளையும் 350 பொய் முடிவுகளையும் தரும். கருவி ஒன்றுதான், பொருள் வேறாகிறது. யாரிடம், எதற்காகச் சோதிக்கிறோம் என்பதே எண்ணுக்குப் பொருள் தருகிறது. காரணம் கேட்காத கடை அந்தப் பொருளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் விற்கிறது.

எதிர்வாதம்

தன் உடலைப் பற்றி அறிய ஒருவருக்கு மருத்துவரின் அனுமதி எதற்கு என்பது நேர்மையான கேள்வி. அமெரிக்காவில் காப்பீடு இல்லாதவருக்கு மருத்துவரைப் பார்ப்பதே பெருஞ்செலவு. தெரனோஸ் தன் கட்டணங்களை வெளிப்படையாக அச்சிட்டது. அவை அரசுக் காப்பீடான மெடிகேர் தரும் தொகையில் பாதியோ அதற்கும் குறைவோ. வேலைக்கு விடுப்பெடுக்க முடியாதவருக்கு மாலையிலும் திறந்திருக்கும் பக்கத்துக் கடை பெரும் உதவி. இவ்வாதத்தின் அடிப்படை சரியானது. ஏழைக்கு வாய்ப்பில்லை என்ற குறையைத் தீர்க்க வந்த வழிதான் பிழையானது. சோதனை மலிவானது, விளக்கமும் சிகிச்சையும் முன்போலவே எட்டாத இடத்தில் நின்றன. வசதியுள்ளவர் ஐயத்துக்குரிய எண்ணை மருத்துவரிடம் கொண்டுபோவார். வசதியற்றவர் அதை மடித்து வைத்துக்கொண்டு அஞ்சுவார், அல்லது தவறாக நிம்மதி அடைவார். அறியும் உரிமை, அறிந்ததைக் கொண்டு ஆவன செய்யும் வழியையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

பயன்தரும் துளிகள்

அப்படி வழியோடு வரும் சோதனைகள் உள்ளன. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவருக்கான, உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பல நாடுகளில் விரல்நுனித் துளியில் செய்கின்றனர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு அளவு 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் பக்கவாத ஆபத்து, மிகுந்தால் குருதிப்போக்கு. எண் வந்ததும் மாத்திரையின் அளவை எப்படி மாற்றுவது என்பது முன்பே வகுக்கப்பட்டுள்ளது. நியூவர்க் ஆய்வாளர்கள் ஆபத்து எனச் சுட்டியது இதே ஐ.என்.ஆர். சோதனையின் தரக்கட்டுப்பாட்டுக் குறைபாட்டைத்தான் என்பது கருதத்தக்கது.

தமிழகத்திலும் சான்று உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் விரல்நுனியில் சர்க்கரையையும் பார்க்கின்றனர். நோய் உறுதியானவருக்கு மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. சென்னையின் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண், வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் வரலாறு ஆகிய நான்கையும் கொண்டு, யாரைச் சோதிக்க வேண்டும் எனத் துளி எடுக்கும் முன்பே சொல்கிறது. 100க்கு 60உம் அதற்கு மேலும் பெறுவோர் மிகு இடர் உள்ளவர்.

முடிவுரை

மருந்தகத்தில் இரத்தம் பார்ப்பதைத் தடுக்க வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்த வேண்டும். இடர் மதிப்பீடு செய்த பின்பே சோதனை. விரல்நுனித் துளியில் நிறுவப்பட்ட சோதனைகள் மட்டும். பிறழ்வான முடிவைச் சிரை இரத்தத்தில் உறுதிசெய்ய வழி. முடிவு நோயாளியின் மருத்துவப் பதிவில் சேர்தல். அடுத்து யாரைப் பார்ப்பது என்பதை அங்கேயே ஏற்பாடு செய்து தருதல். இவை ஐந்தும் கட்டாயமாக வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றையேனும் ஏற்க மறுக்கும் கடைக்கு, ஒருவரின் விரலில் ஊசி வைக்க அனுமதி வழங்கலாகாது.