ஜி.எஸ்.டி. ரோடும் கிளட்சும்



ஊரப்பாக்கத்தில் படித்த நம்மில் பலர் இன்று அமெரிக்கா, இங்கிலாந்து, சிங்கப்பூர் என்று பரவியிருக்கிறோம். போன இடத்தில் புதிதாகக் கார் ஓட்டக் கற்கும்போது, "என்னப்பா, கிளட்சையே காணோம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நாம் மட்டும் ஏன் கியர் போட்டே பழகினோம்? அந்தச் சரித்திரத்தில் ஒரு பங்கு நமது ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு உண்டு.

1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபைல் காருக்காக 'ஹைட்ராமேட்டிக்' தானியங்கி கியரை அறிமுகப்படுத்தியது. 1948-ல் பியூக் காரில் 'டைனாஃப்ளோ' வந்தது. இதில் விசிறி போன்ற இரண்டு சக்கரங்கள் எண்ணெயில் எதிரெதிரே இருக்கும். இன்ஜின் ஒன்றைச் சுழற்ற, அது தள்ளும் எண்ணெய் மற்றதைச் சுழற்றும். அதனால் வண்டி நின்றாலும் இன்ஜின் ஆஃப் ஆகாது. ஆனால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அங்கே பெட்ரோல் மலிவு, யாரும் கவலைப்படவில்லை.

அதே 1948-ல் நம் பக்கத்தில் தொடங்கப்பட்டது ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம். வண்டலூர்த் தொழிற்சாலையிலிருந்து 1961-ல் ஹெரால்டு, 1972-ல் கெஜல், 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று கார்கள் புறப்பட்டன. கடைசியாகச் சொன்னது இங்கிலாந்தின் ரோவர் காரைத் தழுவியது. அங்கே அதை ஆட்டோமேட்டிக்காகவும் வாங்கலாம். இங்கே கிளட்ச் மிதித்தே ஆகணும். பெட்ரோல் விலையும், வெளிநாட்டு உதிரிபாகங்களுக்கு இருந்த கட்டுப்பாடும் அன்றைய நிலைமை. தெருவோர மெக்கானிக்கே சரிசெய்யும் கியர்பாக்ஸ்தான் நமக்குத் தோதுப்பட்டது. 1988-ல் அந்த உற்பத்தி நின்றது.

பிறகு இதே சாலை மாறியது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 1999-ல் ஐகான் வந்தது. 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட் ஆட்டோமேட்டிக்காகவும் கிடைத்தது. 2022-ல் அங்கு கார் உற்பத்தி நின்றது. மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. கார்கள் தயாராகின்றன. 2014-ல் மாருதி செலேரியோ, சாதாரணக் கியர்பாக்ஸிலேயே கிளட்சை இயந்திரம் மிதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. விலையும் குறைவு, மைலேஜும் போகவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கும் ஆட்டோமேட்டிக் எட்டியது. கிளாம்பாக்கம் நெரிசலில் இடது கால் ஓயாமல் மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்!

இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் கேட்கலாம்: "அப்புறம் எதுக்குக் கியர் வண்டி கத்துக்கணும்?" காரணம் இருக்கிறது. நம் நாட்டு லைசென்ஸில் இருசக்கர வாகனத்துக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு, காருக்கு இல்லை. இங்கிலாந்தில் ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்துத் தேறினால், ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். சிங்கப்பூரிலும் அதற்குத் தனி வகுப்பு, '3ஏ'. கியர் வண்டியில் தேறியவர் இரண்டையும் ஓட்டலாம்.

அமெரிக்கா போகிறவர்களுக்குக் கிளட்ச் பிரச்சினை இல்லை. அங்கே திசைதான் மாறும்: ஸ்டியரிங் இடப்பக்கம், போவது சாலையின் வலப்பக்கம். இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் பிரேக்கை மிதித்தால் வண்டி திடீரென்று நிற்கும். பின்னால் வருபவர் மோதுவார். முதல் நாளிலிருந்தே இடது காலைச் சும்மா வைத்திருக்கப் பழக வேண்டும்.

ஆகவே, ஊரை விட்டுக் கிளம்புமுன் இங்கேயே கியர் வண்டியில் கை பழகிக்கொள்ளுங்கள். "பாதி கிளட்ச்ல புடி, மெதுவா விடு" என்ற அந்தப் பாடம் எந்த நாட்டிலும் வீண்போகாது.