எகலப்பொல வளவு: ஒரு மனை கூறும் வரலாறு

கல்லும் மண்ணும் பேசுமோ என வினவுவார் உளர். பேசும், கேட்கும் செவிதான் வேண்டும். மடவளையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நாம் கண்டிமாநகருக்குச் செல்லும்போதெல்லாம் தலதா மாளிகையையும் வாவியையும் கண்டு களித்துத் திரும்புகின்றோம். அம்மாளிகைக்கு அணித்தாகவே பழைய ஓட்டுக்கூரையின் கீழ் அமைதியாக நிற்கும் ஒரு மனையை நம்மிற் பலர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அதுவே எகலப்பொல வளவு. கண்டியரசின் முதலமைச்சராயிருந்த எகலப்பொல மகா நிலமேயின் இல்லம். இன்று பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னமாக விளங்குவது. 1988ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட கண்டிப் புனித நகரின் ஓர் உறுப்பு.

கண்டிப் பிரதானிகளின் பெருமனையைச் சிங்களத்தில் 'வளவ்வ' என்பர். மனையையும் அதன் சூழலையும் நாம் 'வளவு' என வழங்குதல் கருதத்தக்கது. சொல்லில் மட்டுமன்று, அமைப்பிலும் இம்மனை நமக்கு அந்நியமானதன்று. நடுவே வானம் நோக்கிய முற்றம். அதனைச் சூழ நாற்புறமும் தாழ்வாரமும் அறைகளும். கூரையைத் தாங்கும் மரத்தூண்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கண்டவர் இதனைக் கண்டால் தம் பாட்டனார் வீட்டை நினையாதிரார். முற்றத்தின் வழியே ஒளியும் காற்றும் உள்ளே வரும். பெண்டிரும் பிள்ளைகளும் பிறர் கண்ணிற் படாது உலாவுவர். மலைநாட்டு மழைக்கேற்பக் கூரை மேலே செங்குத்தாகவும் கீழே சற்றுப் படிந்தும் இறங்கும். அகன்ற இறவாரங்கள் மழைநீரைச் சுவரில் படாது அப்பால் வீழ்த்தும்.

1660ஆம் ஆண்டிற் கண்டியரசனாற் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இந்நாட்டு வீடுகளைப் பற்றி எழுதியுள்ளார். குடிமக்கள் ஓடு வேயவும் சுவருக்குச் சுண்ணாம்பு தீட்டவும் உரிமையற்றவராயிருந்தனர் என்றும், பெரியோர் வீடுகள் எதிரெதிரே இரு கட்டிடங்களும் இடையே சதுர முற்றமுமாக அமைந்திருந்தன என்றும் அவர் கூறுகிறார். சுவரோரத்தே மண் திண்ணையிட்டுச் சாணத்தால் மெழுகினர் என்பதும் அவர் தரும் செய்தியே. ஆகவே ஓடும் வெண்சுவரும் அக்காலத்தில் வெறும் அழகல்ல, பதவியின் அடையாளங்கள். அரசன் அளித்தான், அரசனே பறிக்கவும் வல்லான். இவ்வுண்மையை எகலப்பொலவின் குடும்பத்தைப் போல் உணர்ந்தவர் எவருமிலர்.

1811ஆம் ஆண்டிற் பிலிமத்தலாவை அதிகார் கொலைத்தண்டனை பெற்றபின் எகலப்பொல முதலாம் அதிகாரானார். அப்போது அரியணையிலிருந்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய நாயக்கர் வழியினன். மூன்றாண்டுகளில் அரசனுக்கும் அமைச்சருக்கும் பகை முற்றியது. சப்பிரகமுவையிற் கிளர்ச்சி செய்த எகலப்பொல 1814இல் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். அவர் மனைவியும் மக்களும் கண்டியில் அரசன் கையிலிருந்தனர். இவ்வீட்டிலேயே அவர்கள் காவலில் வைக்கப்பட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வாண்டு மே மாதத்தில் பிள்ளைகள் சிரச்சேதம் செய்யப்பட்டனர். மூத்தவன் அஞ்சித் தாயின் பின்னே ஒளிய, இளையவன் மத்தும பண்டார தானே முன்வந்து தலைகொடுத்தான் என்பர். தாய் போகம்பரைக் குளத்தில் அமிழ்த்தப்பட்டாள்.

மிஷன் பாடசாலையில் நாம் சிறுவராயிருந்தபோது இக்கதை வகுப்பிலே படிக்கப்பட்டது. 'அவன் உங்கள் அரசனல்லவா?' என்று தோழன் ஒருவன் கேட்டான். நாம் விடையின்றித் தலைகுனிந்தோம். இன்று அவ்வினாவுக்கு விடையிறுக்க விழைகின்றோம்.

குழந்தைகளைக் கொன்றது கொடுமையே. அரசன் எவ்வழியினனாயினும் அதனை மறைத்தலும் மழுப்பலும் நமக்கு அழகன்று. ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை. 1739 முதல் 1815 வரை ஆண்ட நாயக்க மன்னர் நால்வரும் பௌத்தத்தைப் புரந்தவர்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ காலத்திலேதான், 1753இல், சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதை மீண்டும் நிலைபெற்றது. இன்று நாம் கண்டு களிக்கும் வாவியோ அந்த ஸ்ரீ விக்கிரமன் அமைத்ததே. மேலும், 1815 மார்ச் 2ஆம் நாள் ஆங்கிலேயரும் பிரதானிகளும் செய்துகொண்ட கண்டி உடன்படிக்கை, அரசனை நீக்கியதோடு அமையாது, வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆடவர் அனுமதியின்றித் திரும்புவதையும் தடுத்தது. ஒருவன் செய்த குற்றம் ஓர் இனத்தார் தலையில் ஏற்றப்பட்டது. அன்று சட்டம் செய்ததையே எம் தோழனும் அறியாது செய்தான்.

அவ்வமைச்சரின் கதிதான் என்ன? அரசபதவியை விரும்பியிருந்த எகலப்பொலவுக்குக் கிடைத்தது 'ஆங்கில அரசின் நண்பர்' என்னும் பட்டமே. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக் காலத்தில் அந்நண்பர்களே அவரைக் கைது செய்தனர். 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார். தும்பறையிற் பிடிபட்ட அரசனோ வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்து 1832இல் மாண்டான். பகைவர் இருவரும் ஒரே அரசின் கைதிகளாய் அயல்மண்ணில் உயிர்நீத்தனர். அவர் மனையும் பிற்காலத்திற் சிறைச்சாலையாயிற்று! முற்றத்திற் குழந்தைகள் விளையாடிய வீட்டில் விலங்கொலி கேட்டது. அண்மைக்காலத்திலேதான் அது சிறையென்னும் நிலை நீங்கி, மெழுகுருவங்கள் வைத்த காட்சிச்சாலையாய் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

இளைஞர்காள்! அடுத்தமுறை கண்டிக்குச் செல்லும்போது ஒரு நாழிகை இவ்வளவுக்காக ஒதுக்குங்கள். சிங்களத் தோழரையும் உடனழைத்துச் செல்லுங்கள். அங்கே 'உங்கள் அரசன்', 'எங்கள் அமைச்சர்' என்னும் பேச்சு வேண்டாம். நடுமுற்றத்தில் நின்று, பெரியோரின் பகைக்குச் சிறுவர் பலியான கதையைச் சேர்ந்து நினையுங்கள். பழைய சுவர்களைக் காப்பது தொல்பொருட் பகுதியாரின் கடன். அவை கூறும் உண்மையைக் குறைவின்றிக் கேட்பது நம் எல்லோரின் கடனுமாம்.