சராசரி ஆளுக்குச் செய்த இருக்கை

1950-இல் அமெரிக்க விமானப்படை, விமானி அறையின் அளவுகளைத் திரும்பிப் பார்த்தது. அவை 1926-இல் வகுக்கப்பட்டவை. அன்றைய விமானிகளை அளந்து, சராசரி கண்டு, அதற்கேற்ப இருக்கையையும் மிதிகட்டையையும் அமைத்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஆட்களின் உடலளவு கூடியிருக்குமோ என்ற எண்ணத்தில், 4,000-க்கும் மேற்பட்ட விமானிகளைப் புதிதாக அளந்தார்கள். கட்டைவிரல் நீளத்தைக்கூட விடவில்லை.

அந்த வேலையில் இருந்த கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் அதிகாரி உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் என 10 முக்கிய அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு அளவிலும் நடுவே வரும் 30 சதவீதத்தினரைச் சராசரி என்று தாராளமாகவே கணக்கிட்டார். பத்திலும் சராசரியாக இருப்பவர்கள் எத்தனை பேர்? 4,063 பேரில் ஒருவர்கூட இல்லை.

உயரமானவருக்கு எல்லாமே நீளமாக இருக்கும் என்பது நாம் எளிதில் நம்பிவிடும் ஒன்று. ஆனால் ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். நிற்கும்போது தெரியாத இந்த வேறுபாடு, உட்கார்ந்ததும் வெளிப்பட்டுவிடும். விமானப்படை இதைப் புரிந்துகொண்டது. முன்னும் பின்னும் நகரும் இருக்கையும் நகர்த்தி வைக்கக்கூடிய மிதிகட்டையும் வந்தன. உடலை இயந்திரத்துக்குப் பொருத்தும் பழக்கம் அங்கே தலைகீழானது.

அலுவலகங்களுக்கு இந்தப் பாடம் மெதுவாகத்தான் வந்தது. தொழில்துறை வடிவமைப்பாளர் ஹென்றி டிரேஃபஸ் 1955-இல் எழுதிய நூலில் ஜோ, ஜோசஃபின் என்ற ஆண், பெண் உருவங்களை அளவுகளோடு வரைந்து காட்டினார். 1960-இல் அந்த அளவுகளைத் தனித் தொகுப்பாகவே வெளியிட்டார். மேசை செய்பவர்கள் கையில் எண்கள் இருந்தன. ஆனாலும் மேசையின் உயரம் பெரும்பாலும் ஒன்றாகவே நின்றது.

தட்டச்சுக் காலத்தில் ஓரளவு விவேகம் இருந்தது. இயந்திரத்தின் விசைகள் மேசைக்கு மேலே உயர்ந்து நிற்கும் என்பதால், அதை வைக்கும் மேசையை எழுதும் மேசையைவிடத் தாழ்வாகச் செய்தார்கள். கணினி வந்தபோது அது மறந்துபோயிற்று. பெட்டியைத் தூக்கி, இருந்த மேசைமேலேயே வைத்துவிட்டார்கள்.

சுமார் 75 சென்டிமீட்டர் உயரமுள்ள அப்படியொரு மேசைமுன் ஐந்தடிக்கும் குறைவான பெண் ஒருவர் உட்காரட்டும். கால் தரையில் பதியும்படி நாற்காலியை இறக்கினால், தோளைத் தூக்கிக்கொண்டுதான் தட்டச்சு செய்ய முடியும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி ஏற்றினால் கால் தொங்கும். இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்புறம் அழுத்தி, சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். நாற்காலியை மட்டும் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. மேசை இறங்க வேண்டும், இல்லையென்றால் காலுக்கு ஒரு பலகை வேண்டும்.

கண்ணுக்கும் கைக்கும் இடையில் வேறொரு சிக்கல். 1976-இல் வந்த ஏடிஎம்-3ஏ போன்ற கணினி முனையங்களில் திரையும் விசைப்பலகையும் ஒரே கூட்டுக்குள் இருந்தன. கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் உயரும். 1978-இல் வந்த விடி100 முனையத்திலும் 1981-இன் ஐபிஎம் பிசியிலும் விசைப்பலகை தனியே, சுருள் கம்பியில் இணைந்து வந்தது. உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்த பெரிய விடுதலை அந்தச் சுருள் கம்பிதான்.

சூரிச்சில் ஆய்வாளர் எட்டியென் கிரான்ஜானின் குழுவினர், இஷ்டப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய மேசைகளையும் நாற்காலிகளையும் ஊழியர்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். 1983-இல் முடிவுகள் வெளிவந்தன. பாடப்புத்தகப் படத்தில் உள்ளதுபோலப் பெரும்பாலோர் நெட்டுக்குத்தாக உட்காரவில்லை. சற்றே பின்னால் சாய்ந்திருந்தார்கள். நிபுணர் வரைந்த கோட்டைவிட உட்காருபவரின் முதுகு சொன்னதே சரி என்று ஏற்க ஆய்வாளருக்குத் துணிவு வேண்டும். பிறகு நாற்காலியும் ஆளுக்கேற்ப மாறியது: 1994-இல் பில் ஸ்டம்ஃப், டான் சாட்விக் வடிவமைத்த ஏரான் நாற்காலி மூன்று அளவுகளில் வந்தது, சட்டை வாங்குவதுபோல.

கணினி வேலையிடங்களுக்கான 1988-இன் அமெரிக்கத் தரநிலை, குள்ளமான பெண்கள் முதல் உயரமான ஆண்கள் வரை கணக்கில் எடுத்தது. ஆனால் எந்த நாட்டு ஆண்கள், எந்த நாட்டுப் பெண்கள்? இந்திய உடல்களுக்கு அந்த அட்டவணை போதாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் தேப்குமார் சக்ரவர்த்தியின் இந்திய உடலளவுத் தொகுப்பை வெளியிட்டது. நாற்காலி வாங்கும் நம் அலுவலகங்கள் விலைப்பட்டியலோடு இந்த அளவுகளையும் பார்த்தாக வேண்டும்.

ஐரோப்பா 1990-இல் இதைச் சட்டமாக்கியது: திரை சாயவும் திரும்பவும் வேண்டும், விசைப்பலகை தனியே இருக்க வேண்டும், கேட்பவருக்குக் கால்பலகை தர வேண்டும். தொடர்ந்து பயன்படுத்தப்படாத, எடுத்துச் செல்லக்கூடிய கணினிகளுக்கு விலக்கு அளித்தது. இன்று நாள் முழுக்கப் பலர் வேலை செய்வது மடிக்கணினியில்தான். அதில் திரையும் விசைப்பலகையும் மறுபடி ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.